‘கான் வித் தி விண்ட்’ ஆஸ்கர் மென்ஸீஸுக்கா, வீலருக்கா?

கொட்டகைக்காரன்:
‘கான் வித் தி விண்ட்’ (1939) படத்தின் கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர் ஸ்காட்லாந்து ஓவியர் வில்லியம் கேமரன் மென்ஸீஸ் என்று நேற்று ஒரு மேதை எழுத, எல்லோரும் ஆகா ஓகோ! அந்த ஆஸ்கர் படத்தின் கலை இயக்குநர் லைல் வீலருக்குப் போனது. டைட்டிலையாவது பார்த்துத் தொலையுங்கள்.

தூரிகை:
அந்த மேதை நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். ஜார்ஜ் கியூகர் போனார், விக்டர் ஃபிளெமிங் வந்தார், நடுவில் சாம் வுட். இத்தனை இயக்குநர் மாறியும் படம் சிதறவில்லையே, ஏன்? கேமரா கோணம், வெளிச்சம், நிறம் எல்லாவற்றையும் மென்ஸீஸ் முன்பே வரைந்து வைத்திருந்தார். அட்லாண்டா எரியும் காட்சிக்கு 1938 டிசம்பர் 10 இரவு பழைய ‘கிங் காங்’ செட்டைக் கொளுத்தினார்களே, அதுவும் அவர் திட்டம். ‘புரொடக்‌ஷன் டிசைன்’ என்று, அதாவது படத்தின் மொத்தத் தோற்றத்தையும் வடிவமைத்தவர் என்று, டைட்டிலில் போட்டது யார் பெயரை? ஆஸ்கரும் கொடுத்தார்கள்.

கொட்டகைக்காரன்:
கொடுத்தது சிறப்பு விருது, நிறத்தைக் கையாண்டதற்கு. கலை இயக்க ஆஸ்கர் வீலருக்கு.

நிழல்வாசி:
முதலில் அவர் ஸ்காட்லாந்துக்காரரா? 1896இல் அமெரிக்காவில், நியூ ஹேவனில் பிறந்தவர். பெற்றோர்தான் ஸ்காட்லாந்து.

தூரிகை:
துபாயில் பிறந்த பிள்ளையைத் திருநெல்வேலிக்காரன் என்று நாம் சொல்வதில்லையா?

நிழல்வாசி:
சொல்வோம், தப்பாக.

கொட்டகைக்காரன்:
எந்த ஊராகவும் இருக்கட்டும். ஆஸ்கர் வீலருக்கு.

பழையபடம்:
சண்டையை விடுங்கள். 1924 ‘தீஃப் ஆஃப் பாக்தாத்’ பார்த்திருக்கிறீர்களா? தரையைக் கறுப்பாகப் பளபளவென்று மெருகேற்றி, கோட்டையெல்லாம் அந்தரத்தில் மிதக்கிற மாதிரி செய்திருப்பார் மென்ஸீஸ். மவுனப் படம்தான், வாயைப் பிளந்துவிட்டேன்.

குமார்77:
நம்ம மைசூர் சாபு நடித்த படம்தானே? பூதம் சூப்பர்.

பழையபடம்:
ஐயா, அது 1940. நான் சொல்வது டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் படம். படிக்காமலே பதில் போடுவீர்களா?

குமார்77:
தெரியாமல் கேட்டால் இப்படித்தான் கடிப்பீர்களா? நல்ல மரியாதை.

கொட்டகைக்காரன்:
1940 படத்திலும் மென்ஸீஸ் வேலை செய்தார். கலை இயக்க ஆஸ்கர் யாருக்கு? வின்சென்ட் கோர்டாவுக்கு! அதையும் உங்கள் ஓவியர் கணக்கில் எழுதிக்கொள்ளுங்களேன், தூரிகை.

தூரிகை:
கலை இயக்கத்துக்கு முதன்முதலாக ஆஸ்கர் கொடுத்ததே மென்ஸீஸுக்குத்தான். 1929 விழா, ‘தி டவ்’, ‘டெம்பெஸ்ட்’ இரண்டுக்கும் சேர்த்து. இதை ஏன் முழுங்கிவிட்டீர்கள்? ஹிட்ச்காக் இழையில் போன மாதம் உங்களைத் திருத்தினேன், அந்தக் காந்தல் இன்னும் ஆறவில்லை போல.

கொட்டகைக்காரன்:
காந்தலாம்! அங்கே திருத்தியது நான், பொறுமையாகப் போய்ப் படியுங்கள். 1929 பற்றி இங்கே யார் கேட்டது? கேள்வி 1939. ஆஸ்கர் வீலருக்கு.

நிழல்வாசி:
ஓவியர் என்பதும் சந்தேகம்தான். விளம்பரப் படமும் குழந்தைகள் புத்தகமும் வரைந்தவர்.

தூரிகை:
விளம்பரத்துக்கு வரைந்தால் கை கெட்டுவிடுமா? வீலர் மட்டும் என்ன, கட்டடம் படித்த ஆள். மென்ஸீஸ் போட்ட கோட்டுக்குச் சுவர் எழுப்பினார், அவ்வளவுதான்.

கொட்டகைக்காரன்:
அவ்வளவுதானா! வீலர் வாங்கியது மொத்தம் ஐந்து ஆஸ்கர், ‘தி ரோப்’, ‘தி கிங் அண்ட் ஐ’ எல்லாம் சேர்த்து. அவரைக் கொத்தனார் ஆக்கிவிட்டீர்கள். நேற்றைய பதிவைத் திருத்துகிறீர்களா இல்லையா?

தூரிகை:
மாட்டேன்.

குமார்77:
என்னிடம் மன்னிப்பு யார் கேட்பது?