ஃபிரிட்ஜுக்கு 600ஏ காஸ்தான் வேணுமா, 134 அடிச்சாப் போதாதா?

உவர்மலையான்:
வீட்டு ஃபிரிட்ஜ்ல கூலிங் இல்லை. பின்பக்க ஸ்டிக்கர்ல உள்ளுக்க இருக்கிற கூலிங் காஸ் ஆர்600ஏ, 56 கிராம் எண்டு கிடக்கு. பாக்க வந்த ரிப்பேர் பாஸ், "இது நெருப்புப் பிடிக்கிற காஸ், மற்றக் கூலிங் காஸ் 134ஏ அடிச்சுத் தாறன்" எண்டுறார். விடலாமா?

கிண்ணியா கூலிங்:
தாராளமா விடுங்க. 600ஏ எண்டா ஐசோபியூட்டேன், லைட்டர் காஸின்ட கூடப்பிறந்தது. குசினிக்குள்ள எதுக்கு அது? 134 நெருப்புப் பிடிக்காது, வெடிக்காது.

ரசாயன வாத்தி:
எரியும்தான், ஆர் இல்லையெண்டது? காத்தில 1.8 வீதத்தில இருந்து 8.4 வீதம் வரைக்கும் கலந்து நிண்டா பத்தும். ஆனா 56 கிராமும் வெளிய வந்தாலும் 24 லீட்டர் வாயுதான். பத்தடிக்குப் பத்தடி குசினியில அது 0.1 வீதம்கூட வராது.

கிண்ணியா கூலிங்:
சேர் குசினியை அளக்கிறார். லீக் உள் கொயில்ல எண்டா? 200 லீட்டர் பெட்டி, கதவும் பூட்டு. இப்ப சொல்லுங்க.

ரசாயன வாத்தி:
நல்ல கேள்வி. அங்க ஒம்பது கிராம் கசிஞ்சாலே 1.8 வீதம் தாண்டும். மணமில்லை, காத்தைவிட இரண்டு மடங்கு பாரம், மரக்கறித் தட்டுப் பக்கம் போய்த் தேங்கும். அதுக்காகத்தான் இந்த மொடல்கள்ல தெர்மோஸ்டாட்டையும் லைட் சுவிட்சையும் தீப்பொறி வெளிய வராத மாதிரி மூடிச் செய்யுறாங்க. பழைய பெட்டியில கழட்டின தெர்மோஸ்டாட்டைக் கொண்டுவந்து அதில பூட்டுறது ஆர்? காஸ் இல்லையே.

134 கதைக்கு வாங்க. 600ஏ கொம்பிரசருக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் மினரல் ஒயில். 134 அதோட கலவாது, காஸோட போற ஒயில் கொம்பிரசருக்குத் திரும்பி வராது. அந்த பம்ப் இழுக்கிற அளவும் பெருசு; 134 போட்டா மோட்டருக்கு லோட் ஏறும். இந்த வெக்கையில எத்தினை நாள் தாங்கும்?

நிலாவெளி மச்சான்:
அப்ப அடுப்பு காஸை அடிச்சா என்ன சேர்? அதுவும் பியூட்டேன்தானே, செலவும் குறைவு.

ரசாயன வாத்தி:
தம்பி, அதில புரொப்பேனும் கலந்திருக்கு. புரொப்பேன் மைனஸ் 42 பாகையில கொதிக்கும், ஐசோபியூட்டேன் மைனஸ் 12 கிட்ட. அழுத்தம் எங்கயோ போய் நிக்கும். கலவையும் எப்பவும் ஒண்டா இராது. 2021 கடைசியில இலங்கை முழுக்க அடுப்புகள் வெடிச்ச நேரம் கலவை மாறின பேச்சுத்தானே?

கிண்ணியா கூலிங்:
இதில மட்டும் சேரோட நான் ஒத்துப்போறன். ஆனா 600ஏ பைப்பை ஒட்ட நெருப்பு டோர்ச் பிடிக்கிறது நீங்களில்லை, நான்.

ரசாயன வாத்தி:
டோர்ச் ஏன் பிடிக்கிறீங்க? காஸை வெளிய முற்றத்துக்கு விட்டு, வெக்கூம் பண்ணி, நைதரசனால கழுவுங்க. ஒயிலுக்குள்ள கரைஞ்சு கிடக்கிறது பிறகும் மெல்ல மெல்ல வரும். ஜொயின்ட்டை அமுக்கிப் பூட்டுற வளையத்தால போடலாம், நெருப்பே தேவையில்லை.

கிண்ணியா கூலிங்:
அந்த வளையத்துக்கு ஆர் காசு தாறது? ஃபிரிட்ஜ்காரர் ஆயிரம் ரூவாய்க்கே முகம் சுழிக்கினம்.

உவர்மலையான்:
பாஸிட்ட தராசு இருக்கா எண்டு கேட்டன். "கை வச்சுப் பாத்தாலே அளவு தெரியும்" எண்டார். அனுப்பிட்டன். தராசோட வந்து 56 கிராம் நிறுத்து அடிக்கிற ஆள் டவுண் பக்கம் ஆரும் இருந்தா சொல்லுங்க.

கிண்ணியா கூலிங்:
134 எண்டா நான் நாளைக்கே வாறன்.