சந்தா பாக்கி இருந்தால் கல்யாண ஓலை வாசிக்கக் கூடாதா?

திருமங்கலத்தான்:
எங்கள் சபைக் கமிட்டி போட்ட தீர்மானம் இது: ஒரு வருஷத்துக்கு மேல் சபைச் சந்தா பாக்கி வைத்திருக்கும் குடும்பத்துக்குக் கல்யாண ஓலை (இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஆராதனையில் முன்கூட்டியே வாசிக்கும் அறிவிப்பு) வாசிக்க மாட்டார்கள், பாக்கிப் பட்டியலை நோட்டீஸ் போர்டிலும் ஒட்டுவார்கள். நான் இதை ஆதரிக்கிறேன். கிறிஸ்துமஸுக்கும் கல்லறைத் தேவைக்கும் மட்டும் சபை வேண்டும், மற்ற நாளில் வேண்டாம் என்றால் எப்படி? சபையில் ஊழியம் செய்யும் உபதேசியார் சம்பளத்தை யார் கொடுப்பது?

மேலூர் ஜெபா:
அண்ணன், எங்கள் ஊரில் கொத்தனார் வேலை பார்க்கும் ஒருவர் மழைக்காலம் முழுக்க வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். சந்தா நோட்டோடு போனவர்கள் பாக்கியை மட்டும் கேட்டுவிட்டு வந்தார்கள். அடுப்பு எரிகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்புறம் அந்தக் குடும்பம் ஆராதனைக்கு வருவதே நின்றுபோனது.

திருமங்கலத்தான்:
இல்லாதவரை நான் சொல்லவில்லை, தங்கச்சி. மாடி வீடு கட்டிக்கொண்டு சந்தா என்றால் முகத்தைத் திருப்புகிறவர்களைச் சொல்கிறேன். தவறு செய்யும் சகோதரனைச் சபை கண்டிக்கலாம் என்று மத்தேயு 18-ல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார்.

மேலூர் ஜெபா:
அங்கே முதலில் அவனும் நீயும் தனித்திருக்கையில் பேசச் சொல்கிறார். பிறகு இரண்டொருவரோடு. சபைக்குத் தெரிவிப்பது அதற்கும் பிறகுதான். உங்கள் தீர்மானம் நோட்டீஸ் போர்டிலேயே தொடங்குகிறதே! அதே அதிகாரத்தின் கடைசியில், தன் பெரிய கடன் மன்னிக்கப்பட்ட பிறகும் சிறு கடனுக்காக உடன் வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்தவன் கதை வருகிறது. அதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

பசுமலை வாத்தியார்:
1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் கட்டடக் கடனை அடைக்க வாரம் ஆளுக்கு ஒரு பென்னி என்று முடிவு செய்தார்கள். ஏழைகளால் முடியாதே என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், ரொம்ப ஏழைகளாகப் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாவிட்டால் நான் போடுகிறேன் என்றார். பொறுப்பாளர்கள் வாராவாரம் வீடு வீடாகப் போனார்கள். யார் எப்படி வாழ்கிறார், யாருக்கு என்ன கஷ்டம் என்பதெல்லாம் அப்போதுதான் தெரிய வந்தது. மெதடிஸ்ட் சபைகளில் சிறு குழுவாகக் கூடும் வகுப்புக் கூட்டம் அப்படித்தான் பிறந்தது.

நம் மதுரையில் வேறு கதை. 1834-ல் வந்த அமெரிக்க மிஷன், 1840-களில் சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கேட்டது. மறுத்த உபதேசிமார் பலர் வேலையை விட்டுப் போனார்கள். அன்று சபை கேட்ட கணக்கு அது. இன்று சாதி பார்த்தே சம்பந்தம் பேசுகிறவர் கமிட்டியில் உட்காரலாம், அவர் வீட்டு ஓலையும் தடையில்லாமல் வாசிக்கப்படும். சந்தா கட்டாதவர்தான் மாட்டிக்கொள்கிறார். என்னை வாட்டுவது இதுதான்.

திண்டுக்கல் பங்குக்காரர்:
கத்தோலிக்கர் நாங்களும் இதில் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. பங்குதோறும், அதாவது ஊர்ச் சபைதோறும், நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்று 1983-ம் வருஷத் திருச்சபைச் சட்டம் சொல்கிறது. இருந்தும் கணக்குக் கேட்டால் விசுவாசம் குறைந்தவன் என்கிற ஊர்கள் உண்டு. அப்போஸ்தலர் பவுலே எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. யாரும் குறை சொல்லக் கூடாது என்று, சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூடச் சேர்த்துக்கொண்டார்.

திருமங்கலத்தான்:
சரி, வரவு செலவை வருஷா வருஷம் சபையில் வாசிக்கட்டும். அதற்கு நானே முதலில் கை தூக்குகிறேன். சாதி விஷயத்திலும் ஐயா சொல்வது நியாயம். ஆனால் சந்தாவைத் தளர்த்தினால் வசதியுள்ளவன்தான் முதலில் நழுவுவான். அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

மேலூர் ஜெபா:
வசதியுள்ளவரிடம் அழுத்தியே கேளுங்கள், அண்ணன். ஆனால் கமிட்டி உறுப்பினர் ஒவ்வொருவரும் பத்து வீட்டை ஏற்றுக்கொண்டு, ஓலை கொடுக்கும் நேரம் வருவதற்கு முன்பே போய்ப் பேசட்டும். முடியாத வீட்டுச் சந்தாவைக் கமிட்டியே போடட்டும். பிள்ளையின் கல்யாணத்தைப் பிடித்து வைத்துப் பணம் வாங்குவதை நான் கடைசி வரை எதிர்ப்பேன்.