ஏரிக்கரை உடைந்தால் காண்ட்ராக்டர் மட்டும்தான் பொறுப்பா?

குடியாத்தம் விவசாயி:
எங்கள் ஊர் ஏரிக்குக் கீழே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. மதகைப் புதுப்பிக்கிறோம் என்று கோடையில் கரையை வெட்டினார்கள். கான்கிரீட் போட்டு முடித்ததும், பக்கத்தில் கிடந்த மண்ணை ஜேசிபியால் அள்ளிக் கொட்டி, அதன் பக்கெட்டாலேயே நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஐப்பசி மழையில் ஏரி ஏற ஏற மதகை ஒட்டியே கசிவு. ராத்திரியோடு ராத்திரியாகக் கரை உடைந்தது. பால் பிடித்த நெல் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வயல் முழுக்க முழங்கால் அளவு மணல் கிடக்கிறது.

அலுவலகத்தில் கேட்டால் "காண்ட்ராக்டரைப் பாருங்கள்" என்கிறார்கள். அவரோ "சொன்னபடி செய்தேன், பில்லும் பாஸாகிவிட்டது" என்கிறார். வேலையை டெண்டர் விட்டால் ஏரியை வைத்திருப்பவர்களின் பொறுப்பு போய்விடுமா? 2021ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் இதற்குப் பொருந்துமா?

சத்துவாச்சாரி வக்கீல்:
போகாது. இங்கிலாந்தில் ஒரு ஆலைக்காரர் ஒப்பந்தக்காரரை வைத்து நீர்த்தேக்கம் கட்டினார். அடியில் பழைய சுரங்கக் குழிகள் இருந்தது வேலையின்போதே தெரிந்தும், வேலை செய்தவர்கள் சரியாக அடைக்கவில்லை. தண்ணீர் பக்கத்துச் சுரங்கத்துக்குள் இறங்கியது. ஆலைக்காரருக்கு அது எதுவும் தெரியாது. ஆனாலும் அவர்தான் பொறுப்பு என்று 1868ல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் என்ற வழக்கு.

ஆனால் அதை அப்படியே நம் ஏரிகளுக்குப் பொருத்த முடியாது. அதற்குக் காரணமான வழக்கும் நம் வடஆற்காட்டிலிருந்து போனதுதான். கார்வெட்டிநகரம் ஜமீன் அப்போது இந்த மாவட்டத்தில் இருந்தது. ஜமீன் ஏரிகள் உடைந்து ரயில் பாலங்கள் சேதமானதால் மதராஸ் ரயில்வே வழக்குப் போட்டது. ஏரியில் நீர் தேக்குவது இந்த நாட்டின் தொன்றுதொட்ட வழக்கம், மக்கள் பிழைப்பே அதில்தான், ஜமீன்தார் அதைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர், எனவே கவனக்குறைவு இருந்தால்தான் பொறுப்பு என்று 1874ல், அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. ஜமீன்தார் தப்பினார்.

உங்கள் கதை வேறு. இங்கே கவனக்குறைவு கண்ணெதிரே நிற்கிறது. பஞ்சாபில் அரசுக் கால்வாய் உடைந்து நிலம் மூழ்கிய மாடர்ன் கல்டிவேட்டர்ஸ் வழக்கில், உடைப்பே கவனக்குறைவைக் காட்டுகிறது என்று உச்ச நீதிமன்றம் 1964ல் ஏற்றுக்கொண்டது. கரையை உறுதியாக வைத்திருப்பது உடைமைக்காரரின் கடமை. அதைக் காண்ட்ராக்டர் தலையில் கட்டிவிட்டுக் கை கழுவ முடியாது. இருவரையும் பிரதிவாதிகளாகச் சேருங்கள். நஷ்டஈட்டை யார் யாரிடம் வசூலிப்பது என்பதை அவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும்.

2021 சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கு. 10 முதல் 15 மீட்டர் வரை என்றால், 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். 11.5 மீட்டர் உயரமும் 261 மில்லியன் கன அடி (சுமார் 74 லட்சம் கன மீட்டர்) கொள்ளளவும் உள்ள மோர்தானா அணை அதற்குள் வரும். உங்கள் ஊர் ஏரிக்கரை வராது. வந்தாலும் மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, அவசரகாலத் திட்டம் என்று உடைமைக்காரரின் கடமைகளைச் சொல்கிறதே தவிர, பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு வாங்கித் தர அதில் வழியில்லை. எனக்கு அந்தச் சட்டத்தில் பெரிய மனக்குறையே அதுதான்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
தம்பி, உடைந்த இடம் மதகு ஓரம்தானே? கான்கிரீட்டுக்கும் புது மண்ணுக்கும் நடுவில்தான் தண்ணீர் முதலில் வழி பிடிக்கும். அங்கே களிமண்ணை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றையும் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். ரோலர் நெருங்க முடியாத மூலையில் கையாலாவது இடிக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் எஸ்டிமேட், எம்-புக் (செய்த வேலையை அளந்து பதியும் புத்தகம்), மண் சோதனை அறிக்கை மூன்றின் நகலையும் கேளுங்கள். ரோலர் ஓட்டியதாக எம்-புக்கில் எழுதிப் பில் வாங்கியிருந்தால் வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவரும் பதில் சொல்லியாக வேண்டும். உடைப்பை மூடுவதற்குள் வெட்டுமுகத்தைப் படம் எடுத்துவிடுங்கள். அப்புறம் எடுத்துப் பயனில்லை.

குடியாத்தம் விவசாயி:
படம் இருக்கிறது, ஐயா. மணலை அள்ளிவிடலாமா? எத்தனை நாளுக்குள் வழக்குப் போட வேண்டும்?

சத்துவாச்சாரி வக்கீல்:
விஏஓ வந்து அளந்து எழுதித் தரும்வரை மணலைத் தொடாதீர்கள். 3 அங்குலத்துக்கு மேல் மணல் படிந்தால் பேரிடர் நிதியில் தனி நிவாரணம் உண்டு. தாசில்தாரிடம் மனு கொடுங்கள். அதை வாங்குவது வழக்குக்குத் தடையில்லை. அரசு மீது வழக்கு என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 80வது பிரிவின்படி முதலில் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். ஓராண்டுதான் கெடு என்று எதிர்த்தரப்பு வாதிட இடமிருக்கிறது. அதனால் நோட்டீஸை இந்த மாதமே அனுப்பிவிடுங்கள், ஸ்பீட் போஸ்டில், சேர்த்ததற்கான அத்தாட்சியோடு.