லிஃப்ட் போட்டபின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிர்வும் கிராஸ் பிடிப்பும்: பெங்களூரு ஃபோர்வீல் ஆட்கள் கண்டவை

பீன்யா, லேத் வேலை

லிஃப்ட் போட்ட, அதாவது சஸ்பென்ஷனை உயர்த்திய, ஃபோர்வீல் வண்டியில் 50, 60 கி.மீ. வேகத்தில் வண்டியின் தரை நடுங்கினால் முதலில் டயரை பேலன்ஸ் பண்ணுகிறார்கள். நடுக்கம் போகாவிட்டால், இன்ஜின் விசையை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி இங்கே கொண்டுவருகிறார்கள். மெஷினில் ஷாஃப்ட் நேராகச் சுற்றும், குறை எதுவும் காட்டாது. வண்டியில் அது சாய்ந்து சுற்றுகிறது. தகராறு அந்தச் சாய்வில்தான்.

ஒரு கிராஸ் (ஷாஃப்ட் முனையில் மடங்கிச் சுற்றும் யுனிவர்சல் ஜாயின்ட்) சாய்ந்து சுற்றும்போது வெளியே போகும் வேகம் சீராக இருக்காது. ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் கூடிக் குறையும். 5 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் அரை சதவீதம்கூட இல்லை. 10 டிகிரியில் ஒன்றரை, 15 டிகிரியில் மூன்றரை சதவீதம். மறுமுனையில் உள்ள கிராஸ் இதை ரத்து செய்ய வேண்டுமானால் இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும், இரு முனை யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை) காதுகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். ஷாஃப்ட் நீண்டு குறுகச் சறுக்கும் பல் இணைப்பான ஸ்ப்லைனைப் பிரித்துப் பூட்டும்போது ஒரு பல் தள்ளிப் போனாலும் அதிர்வு வரும். பிரிக்கும் முன்பே இரு பக்கமும் பஞ்ச் அடித்துக்கொள்ளுங்கள்.

அளக்காமல் எதையும் தொடாதீர்கள். காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானி எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கட்டும், டாங்கில் எண்ணெய், பின்னால் வழக்கமான சுமை எல்லாம் இருக்கட்டும். ஜாக்கியில் தொங்கவிட்டு எடுத்த கணக்கு உதவாது. டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கும் பெட்டி) ஃபிளேஞ்ச், ஷாஃப்ட் குழாய், பினியன் (ஆக்ஸிலில் ஷாஃப்ட் வந்து சேரும் பல் தண்டு) ஃபிளேஞ்ச் என்று மூன்று அளவு வேண்டும்.

உதாரணத்துக்கு: டிரான்ஸ்ஃபர் கேஸ் அச்சு பின்பக்கம் 3 டிகிரி இறக்கம், ஷாஃப்ட் 14 டிகிரி இறக்கம், பினியன் மூக்கு 3 டிகிரி மேல்நோக்கி. இரு கிராஸிலும் 11 டிகிரி, சமம். இப்போது பினியன் மூக்கை 8 டிகிரிக்குத் தூக்கினால் பின் கிராஸ் 6 டிகிரிக்கு இறங்கும், முன் கிராஸ் 11-லேயே நிற்கும். பார்வைக்கு ஷாஃப்ட் அழகாகிவிட்டது, ஆனால் அதிர்வு கூடும். அதிகம் பேர் விழும் குழி இதுதான்.

எலகங்கா, ஜிப்ஸி

பீன்யா அண்ணா சொன்னது நீள ஷாக்கிளுக்கு (இலை ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் இணைப்பு) அப்படியே பொருந்தும். பின் இலை ஸ்பிரிங்கின் பின்முனையில் 50 மி.மீ. நீளம் கூட்டினால் வண்டி உயர்வது சுமார் 25 மி.மீ. மட்டுமே. ஆனால் ஸ்பிரிங் முழுதும் சாய்வதால் பினியன் மூக்கும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும். உயரம் கொஞ்சம், கோணக் கெடுதல் நிறைய.

பினியன் கோணத்தைத் திருத்த ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு போடுகிறவர்கள் திசையைக் கவனியுங்கள். இலை ஸ்பிரிங் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருந்தால், பின் பினியனைத் தூக்க ஆப்பின் தடித்த பக்கம் முன்னால் வரவேண்டும். பட்டையை ஆக்ஸில் மேலே மாற்றிய வண்டியில் தடித்த பக்கம் பின்னால். பினியனை இறக்க இரண்டும் தலைகீழ். அலுமினிய ஆப்பு நசுங்கி உடையும், யூ-போல்ட் தளரும். எஃகு ஆப்பு போட்டு, சென்டர் போல்ட்டை நீளமானதாக மாற்றுங்கள். அதன் தலை பேடில் (ஸ்பிரிங் உட்காரும் ஆக்ஸில் தட்டு) உள்ள துளைக்குள் முழுசாக உட்காராவிட்டால் ஆக்ஸில் நகரும்.

பட்டையை இனிமேல்தான் மேலே மாற்றப்போகிறீர்கள் என்றால் ஆப்பே தேவையில்லை, புதுப் பேடையே வேண்டிய கோணத்தில் வைத்துவிடலாம். அதற்கு முதலில் டாக் (சிறு பொட்டு வெல்டு) மட்டும் வையுங்கள். சக்கரம் போட்டு, வண்டியை இறக்கி, கோணத்தைச் சரிபார்த்த பிறகே முழு வெல்டிங். அதையும் ஒரே மூச்சில் ஓட்டாமல் துண்டு துண்டாக, ஆறவிட்டு ஓட்டினால்தான் ஆக்ஸில் குழாய் வளையாது. இந்த அமைப்பில் முறுக்கு விசைக்கு ஸ்பிரிங் சுருண்டு பினியன் மேலே ஏறும். அதற்காக நிற்கும்போது 1 முதல் 2 டிகிரி தாழ்த்தியே வைக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அதிர்ந்து, விட்டால் நின்றுபோகிறதா? பினியன் ஏறுகிறது என்று அர்த்தம்.

ஷாஃப்ட் கோணத்தைக் குறைக்க டிரான்ஸ்ஃபர் கேஸை 20 மி.மீ. இறக்கலாம் என்பார்கள். ஜிப்ஸியில் அது கியர்பாக்ஸை விட்டுத் தனியாக நிற்கிறது, நடுவே குட்டி ஷாஃப்ட் ஒன்று உண்டு. பெட்டியை இறக்கினால் அந்தக் குட்டி ஷாஃப்ட்டின் கோணம் கெடும். நீளம் குறைவு என்பதால் சில மி.மீ.யே பல டிகிரி ஆகிவிடும்.

ஒயிட்ஃபீல்டு, காயில் ஸ்பிரிங் வண்டிகள்

ஜிம்னி மாதிரி நீளக் கைகள் ஆக்ஸிலை இறுகப் பிடித்திருக்கும் வண்டியில் லிஃப்ட் போட்டதுமே பினியன் தானாகச் சுழன்றுவிடும். 700 மி.மீ. கைக்கு 50 மி.மீ. உயரம் என்றால் ஏறத்தாழ 4 டிகிரி. முன் ஆக்ஸிலில் இதே சுழற்சி காஸ்டரை (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) தின்னும், வேகமாகப் போகும் நைஸ் ரோட்டில் ஸ்டியரிங் அலையும். முன்னால் காஸ்டரா, பினியனா என்று கேட்டால் காஸ்டர்தான். பிரேக் பிடிக்கும்போது வண்டி நேராகப் போவது முதலில் முக்கியம், மிச்சத்தை ஷாஃப்ட் பக்கம் தீர்க்கலாம். மேல் கை, கீழ் கை தனித்தனியாக உள்ள பின் ஆக்ஸிலில் மேல் கையை நீட்டினால் பினியன் உயரும்.

டபுள் கார்டன் ஷாஃப்ட் போடுகிறவர்களுக்குக் கணக்கே வேறு. டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரண்டு கிராஸ் சேர்ந்தே ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது சரிசெய்துவிடும். எனவே பினியன் ஷாஃப்ட்டை நேராகப் பார்க்க வேண்டும், நிற்கும்போது 1 முதல் 2 டிகிரி தாழ்வாக. மேலே சொன்ன 14 டிகிரி ஷாஃப்ட்டுக்கு மூக்கு 12 முதல் 13 டிகிரி. அவ்வளவு தூக்கியபின் முன் பினியன் பேரிங்குக்கு எண்ணெய் எட்டாது, ஹவுசிங்கில் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுங்கள். இரட்டைக் கிராஸின் நடுவே உள்ள பந்துக்கு ஊசி நாசிலில்தான் கிரீஸ் போகும். அதை மறப்பதால்தான் இந்த ஷாஃப்ட் சீக்கிரம் போகிறது என்ற கெட்ட பெயர்.

சிவாஜிநகர், ஷெட்

பிடிப்பு என்பது அதிர்விலிருந்து வேறு விஷயம். ஆக்ஸில் முழுசாகத் தொங்கும்போது யோக் காது எதிர் யோக்கில் மோதுகிறது. அப்படி மோதினால் காது கீறும், கிராஸின் பேரிங் கப் கழலும், கடைசியில் ஷாஃப்ட் தரையில் கிடக்கும்.

சோதிக்க சேஸிஸைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் வையுங்கள். ஆக்ஸில் தொங்கட்டும், டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கட்டும். ஷாஃப்ட்டைக் கையால் முழுச் சுற்று சுற்றுங்கள். யோக்கின் உள்பக்கம் பெயின்ட் பூசிவைத்தால் உரசும் இடம் தெரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் தொங்கவிட்டும் பாருங்கள். உரசினால், ஆக்ஸில் தொங்குவதைக் கட்டுப்படுத்தும் லிமிட் ஸ்ட்ராப் கட்டுவதே முதல் வழி. பிரேக் ஹோஸும் பிழைக்கும். யோக்கைக் கிரைண்டரில் தேய்ப்பது ஓரத்தில் ஓரிரு மி.மீ.யோடு நிற்க வேண்டும். அதற்கு மேல் தேய்த்துவந்த யோக்குகளில் காதடியில் விரிசல் கண்டிருக்கிறோம்.

அதோடு ஸ்ப்லைனையும் அளந்துவிடுங்கள். முழுத் தொங்கலில் 50 மி.மீ.யாவது உள்ளே இருக்க வேண்டும், முழு அழுத்தத்தில் 25 மி.மீ.யாவது இடம் மிஞ்ச வேண்டும். இடம் இல்லாவிட்டால் ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்கைக் குத்தும். ஷாஃப்ட்டுக்கும் ஃபிளேஞ்சுக்கும் நடுவே ஸ்பேசர் வைப்பது நீளத்தைச் சரிசெய்யும், கோணத்தை அல்ல.

கிராஸ் மாற்றும்போது வைஸில் அழுத்தினால் கப்புக்குள் உள்ள பேரிங் ஊசி ஒன்று குறுக்கே விழுந்து கப் முழுசாக இறங்காது, சர்க்கிளிப் காடியில் ஏறாது. சுத்தியலால் அடித்து ஏற்றாமல் கழற்றிப் பாருங்கள். பூட்டியபின் காதை லேசாகத் தட்டினால் கிராஸ் கைக்கு இறுக்கமில்லாமல் அசைய வேண்டும். நான்கு கப்பிலும் கிரீஸ் பிதுங்கும்வரை அடியுங்கள், தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு முறையும் திரும்ப அடியுங்கள்.

பீன்யா, மறுபடி

ஒன்றை விட்டுவிட்டேன். எந்த ஷாஃப்ட் குற்றவாளி என்று தெரியாவிட்டால் முன் ஷாஃப்ட்டைக் கழற்றி டூ வீல் டிரைவில் தும்கூர் ரோட்டில் ஓட்டுங்கள். முன் சக்கரத்தை ஷாஃப்ட்டிலிருந்து விடுவிக்கும் ஹப் லாக் இல்லாத வண்டியில் டூ வீலிலும் முன் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கழற்றியபின் அதிர்வு போனால் பின் பினியனைத் தொடவே வேண்டாம்.