பிரிண்டில் தாத்தா முகம் சிவக்கிறது, கடல் கறுக்கிறது: எங்கே தப்பு?

தங்கச்சிமடம்_தம்பி

வணக்கம். நாலு நாளாக மண்டை காய்கிறது, யாராவது வழி சொல்லுங்கள். வருகிற வாரம் தாத்தாவுக்கு முதல் வருஷ நினைவு நாள். வீட்டில் ஆறு வண்ண டேங்க் பிரிண்டர் இருக்கிறதே, நாமே போட்டுவிடலாம் என்று இறங்கினேன். படம் இரண்டு. ஒன்று, தாத்தா வள்ளத்தில் சாய்ந்துகொண்டு வலையில் கிழிசல் பார்ப்பது. இன்னொன்று, அவர் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் கடலைப் பார்த்து நிற்பது.

லேப்டாப்பில் இரண்டும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கிறது. பிரிண்டில் தாத்தா வெட்கப்படுகிற மாதிரி சிவந்து வருகிறார், வெள்ளை முடிகூட ரோஸ். கடல், நாலு மணிக்கே இருட்டிவிட்ட மாதிரி. போட்டோஷாப்பில் சிவப்பைக் குறைத்துப் போட்டால் மண் பச்சையாகிறது. பளபளப்பு பேப்பர், 4×6, இருபது தாள் பாக்கெட்டில் பதினொன்று காலி. அப்பத்தா வேறு, "காச இப்புடித் தண்ணியா விடுறியே" என்கிறார்.

கரையூர்_அண்ணன்

மை அடைப்புதான் தம்பி. நம் ஊர் உப்புக் காற்றுக்கு வேறென்ன வரும்? மை தெளிக்கும் ஹெட்டுக்கு ஹெட் கிளீனிங்கைப் பத்துத் தடவை விடு, சரியாகிவிடும்.

கீழக்கரை_ஸ்டுடியோ

பத்துத் தடவை வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு கிளீனிங்குக்கும் மை உறிஞ்சப்பட்டு உள்ளே இருக்கும் கழிவுப் பஞ்சுக்குப் போகிறது. டேங்கும் காலி, பஞ்சும் நிரம்பும். முதலில் சாதாரணத் தாளில் நாசில் செக் எடுங்கள், மைத் துளை அடைத்திருக்கிறதா என்று கோடு போட்டுக் காட்டும். கோடுகளில் விடுபட்டது இருந்தால் ஒன்றிரண்டு முறை கிளீனிங், அதற்கும் வராவிட்டால் ஒரு ராத்திரி சும்மா விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள்.

சயான் என்கிற பச்சை நீல மை அடைத்தாலும் படம் சிவக்கும், அதனால் அண்ணன் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. ஆனால் அடைப்பு என்றால் எந்த வழியாகப் போட்டாலும் சிவக்க வேண்டும். அதே படத்தை, அதே பேப்பரில், போனிலிருந்து நேராகப் போட்டுப் பார்த்தீர்களா?

தங்கச்சிமடம்_தம்பி

நாசில் செக்கில் ஒரு கோடு விடவில்லை காக்கா, ஆறும் சுத்தம். போனிலிருந்து இப்போதுதான் போட்டேன், ஆச்சரியம், முடி வெள்ளையாகவே வந்தது! ஆனால் தாத்தாவின் கால் வெட்டுப்பட்டுவிட்டது, கடல் இன்னும் மந்தம்தான்.

கீழக்கரை_ஸ்டுடியோ

கால் வெட்டுப்பட்டது சின்ன விஷயம். போன் படம் 4:3, உங்கள் பேப்பர் 3:2. விளிம்பில்லாமல் நிரப்பச் சொன்னால் மேலும் கீழும் வெட்டத்தான் செய்யும். நீங்களே 3:2 அளவில் வெட்டி, 1800×1200 பிக்சலுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்புக்கு வருகிறேன். போனில் சரி, போட்டோஷாப்பில் தப்பு என்றால் பிரிண்டர் நல்ல பிள்ளை. ஒரே நிறத்தை இரண்டு பேர் திருத்துகிறார்கள் என்று சந்தேகப்படுகிறேன். போட்டோஷாப் உங்கள் படத்தின் எண்களை பிரிண்டரின் ஐசிசி புரொஃபைலுக்கு (அந்தப் பிரிண்டரும் பேப்பரும் நிறத்தை எப்படித் தரும் என்ற குறிப்பு) மாற்றி, பாதி வேலையை முடித்து அனுப்புகிறது. கீழே பிரிண்டரை ஓட்டுகிற மென்பொருளான டிரைவருக்கு அது தெரியாது. 'வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறத்தில் படம் வந்திருக்கிறது' என்று நினைத்து மறுபடியும் திருத்துகிறது. குழம்புக்கு அம்மா ஒரு தடவை, தெரியாமல் அக்கா ஒரு தடவை உப்புப் போட்டால் என்ன ஆகும், அந்தக் கதை. பெரும்பாலும் மெஜந்தா (ரோஸ் சிவப்பு மை) ஏறி, படம் கனத்து வரும்.

பிரிண்ட் பெட்டியில் கலர் ஹேண்ட்லிங் என்ன இருக்கிறது? டிரைவருக்குள் மீடியா டைப் என்ன, கலர் கரெக்‌ஷன் என்ன? பார்த்து எழுதுங்கள்.

தங்கச்சிமடம்_தம்பி

'போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்'. புரொஃபைல், பிரிண்டரோடு வந்த கிளாஸி. டிரைவரில் கலர் கரெக்‌ஷன் 'ஆட்டோமேட்டிக்'. மீடியா டைப்... சொல்ல வெட்கமாக இருக்கிறது, 'பிளெய்ன் பேப்பர்'. நான் அதைத் தொட்டதே இல்லை.

கீழக்கரை_ஸ்டுடியோ

வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் ஒரு கல்யாண ஆல்பத்தையே அப்படிப் போட்டவன்.

மீடியா டைப்பை முதலில் கிளாஸிக்கு மாற்றுங்கள். எவ்வளவு மை, எந்தக் கலவையில் விழ வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது, புரொஃபைலும் அதை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அப்புறம் கலர் கரெக்‌ஷனில் கஸ்டம் போய் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்'. சில டிரைவரில் வெறும் 'நன்' என்று இருக்கும். திருத்துகிறவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். போட்டோஷாப் பக்கத்தில் ரெண்டரிங் என்று ஒன்று இருக்கும், மைக்கு எட்டாத நிறத்தை எப்படி மாற்றுவது என்ற தேர்வு; தாத்தா முகத்துக்கு அதில் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், கூடவே நிழல் விவரத்துக்கு பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் டிக். உங்கள் பேப்பர் வேறு கம்பெனி என்றால் அந்தப் புரொஃபைல் அச்சாகப் பொருந்தாது, ஆனாலும் இப்போது இருப்பதைவிடப் பல மடங்கு மேல்.

நீங்கள் சிவப்பைக் குறைத்துச் சேமித்த படத்தைத் தூக்கி எறியுங்கள். மூலப் படத்திலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்று, முழுத் தாளை வீணாக்காதீர்கள். 4×6 ஒன்றில் நாலு பட்டை: தாத்தாவின் முகம், அந்த வெள்ளை முடி, கொஞ்சம் மண், கொஞ்சம் கடல். ஓரத்தில் கறுப்பிலிருந்து வெள்ளைவரை சாம்பல் நிறக் கட்டங்கள். முகம் ஏமாற்றும், சாம்பல் ஏமாற்றாது. அதில் ஒரு சாயல் தெரிந்தால் எங்கோ இன்னும் தப்பு இருக்கிறது.

உச்சிப்புளி_அக்கா

நடுவில் நுழைகிறேன். தம்பி, ராத்திரியில்தான் எடிட் செய்கிறாயா? விண்டோஸில் நைட் லைட் ஓடுகிறதா பார். நான் ஒரு மாசம் மஞ்சள் திரையில் உட்கார்ந்து எல்லாப் படத்துக்கும் நீலத்தை ஏற்றிக்கொண்டிருந்தேன், பிரிண்டரைத் திட்டிக்கொண்டு. திரை வெளிச்சமும் நூறில் வைத்திருப்பாய், பந்தயம்.

தங்கச்சிமடம்_தம்பி

நைட் லைட் இல்லை அக்கா. வெளிச்சம் நூறுதான், பந்தயம் உங்களுக்கே.

உச்சிப்புளி_அக்கா

அதுதான் நாலு மணிக்கே உன் கடல் இருட்டுகிறது. திரை தானே ஒளி விடுகிறது, பேப்பர் அப்படியில்லை, அறையில் இருக்கும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். பகலில் ஜன்னல் பக்கம், வெயில் நேராக அடிக்காத இடத்தில் உட்கார். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திற. பக்கத்தில் வெற்று போட்டோ பேப்பரைப் பிடித்து, இரண்டும் ஒரே வெண்மையாகத் தெரிகிறவரை வெளிச்சத்தைக் குறை. கருவி வைத்து அளப்பவர்கள் திரை வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 காண்டெலாவுக்குள் வைப்பார்கள், நமக்குக் கண்தான் கருவி. பிரிண்டையும் டியூப் லைட்டில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதே, அது மாட்டப்போகிற சுவரில் வைத்துப் பார்.

தங்கச்சிமடம்_தம்பி

பட்டை எடுத்தேன். சாம்பல் சாம்பலாக வந்திருக்கிறது, முடி வெள்ளை! முகமும் அவர் முகம்தான், மூக்கு ஓரத்தில் வெயிலில் உரிந்த தோல்வரை தெரிகிறது. திரையைக் குறைத்த பிறகுதான் படமே இருட்டு என்று தெரிந்தது, நடுத்தொனியைக் கொஞ்சம் தூக்கினேன்.

கடல்தான் படிய மாட்டேன் என்கிறது. அரிச்சல்முனையில் அலை அடங்கிய பெண்கடல் பக்கம் கரையோரம் அந்தப் பச்சை நீலம் இருக்கிறதே, திரையில் உள்ளிருந்து விளக்குப் போட்ட மாதிரி இருக்கிறது, தாளில் வெறும் நீலம்.

கீழக்கரை_ஸ்டுடியோ

அதற்கு முழு மருந்து இல்லை. அவ்வளவு வெளிச்சமும் அவ்வளவு நிறமும் சேர்ந்த பச்சை நீலத்தை மையால் தர முடியாது. நிறத்தைக் கூட்ட மையைக் கூட்ட வேண்டும், மை கூடினால் பேப்பரின் வெண்மை மறைந்து இருளும். வியூ மெனுவில் புரூஃப் செட்டப், கஸ்டம், உங்கள் பிரிண்டர் புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் கேமட் வார்னிங்கைப் போட்டால் எட்டாத இடமெல்லாம் சாம்பல் பூசிக் காட்டும்.

அங்கே மட்டும் சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியை, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், ரெண்டரிங்கை பெர்செப்சுவலுக்கு மாற்றிப் பாருங்கள். ஆழம் கூடக்கூட நிறம் மாறுகிற படிகளாவது அதில் காப்பாற்றப்படும். மேலே வானத்தையும் அந்தப் பக்கம் அலை பொங்கும் ஆண்கடலையும் ஒரு பிடி மந்தமாக்கினால் கரையோரப் பச்சை தானாக எடுப்பாகத் தெரியும். எங்கள் ஸ்டுடியோவில் தனுஷ்கோடி படம் எல்லாவற்றுக்கும் செய்கிற வேலை இதுதான்.

தங்கச்சிமடம்_தம்பி

செய்தேன் காக்கா. திரை அளவுக்கு இல்லை, ஆனால் கடல் கடலாக இருக்கிறது. பதினாறாவது தாள். அப்பத்தா வாங்கி, கடலைப் பார்க்கவே இல்லை, "சட்டைப் பொத்தான் ஒண்ணு இல்லாம நிக்கிறாரு பாரு" என்றார். திரையில் நானே அதைக் கவனிக்கவில்லை. இன்றைக்கே கண்ணாடி போட்டுவிடலாமா?

உச்சிப்புளி_அக்கா

அவசரப்படாதே. ஒரு நாளாவது காற்றோட்டமாகக் காயவிடு, ஃபேன் மண்ணை வாரி இறைக்காத இடமாகப் பார்த்து வை. ஈரத்தோடு அடைத்தால் கண்ணாடி உள்பக்கம் மூட்டமாகும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அட்டை மவுண்ட் வைக்கச் சொல், இல்லாவிட்டால் நம் ஊர் ஈரத்துக்கு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மையோடு வரும்.

கரையூர்_அண்ணன்

மீதி நாலு தாள் இருக்குமே தம்பி, கவரோடு இறுக்கி மூடி வை. சரி, எனக்கும் அந்த 'நோ கலர்' எங்கே இருக்கிறது என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் போடு.

தங்கச்சிமடம்_தம்பி

போடுகிறேன் அண்ணே. கிளீனிங்கைப் பத்துத் தடவை விட்டுவிடாதீர்கள்.