அப்பத்தா ஏன் குடையை விரிக்க மாட்டேங்குது?

கண்மாய்க்கரை:
எங்களுக்கு தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம், காலனி வீடு. நான் இருக்குறது திருப்பூர்ல. போன மாசம் அப்பத்தாவுக்குப் பூப்போட்ட மடக்குக் குடை ஒண்ணு வாங்கிட்டுப் போனேன். ரொம்ப சந்தோஷம் அதுக்கு. ரேஷன் கடைக்குக் கிளம்புனப்ப கையோட எடுத்துக்கிச்சு. ஊர்த்தெரு ஆரம்பிக்கிற புளியமரத்தடி வந்ததும் செருப்பைக் கழட்டி, குடையோட சேத்து கக்கத்துல இடுக்கிக்கிட்டு, மத்தியான வெயில்ல தார் ரோட்டுல வெறுங்காலோட நடக்குது. தெரு முடிஞ்சதும் செருப்பை மாட்டுச்சு. குடையை மட்டும் அப்பவும் விரிக்கல. கேட்டா, "பழக்கமில்ல தாயி"ங்குது.

செருப்பு விஷயம் தெரியும். டீக்கடையில தனி கிளாஸ் வச்சிருந்ததும் அப்பா சொல்லித் தெரியும். குடைக்கு என்ன கணக்கு? யாருக்காச்சும் தெரியுமா, இல்ல இது அதோட சொந்தக் கிறுக்கா?

பழைய வாத்தியார்:
கிறுக்கு இல்லம்மா. 1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில், கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். 1931 சென்சஸ் கமிஷனர் ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்களுக்கு முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி கூடாது, சட்டை பனியன் கூடாது, கிராப்பு கூடாது. வீட்டில் மண்பாண்டம்தான் புழங்கணும். பெண்கள் ரவிக்கை, தாவணி போடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. எட்டாவதுதான் நீ கேட்டது: வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறினவர்கள் குடிசை எரிந்தது, ஆடுமாடு கொள்ளை போனது. அடுத்த ஜூனில் தடை பதினொன்றானது. அதில் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் ஒன்று.

ஒரு விஷயம். அந்த எட்டாவது தடை ஆண்களுக்கு என்றுதான் எழுத்தில் இருக்கிறது. உங்கள் சனத்தில் ஒரு பெண்பிள்ளை குடை பிடிப்பாள் என்று அவர்களுக்குத் தோன்றக்கூட இல்லை போல.

சும்மா வந்தவன்:
தொண்ணூறு வருசத்துக்கு முந்தின கதை. இப்ப யாரு சார் இதெல்லாம் பாக்குறா?

பழைய வாத்தியார்:
தம்பி, அதே தேவகோட்டைப் பக்கத்துக் கண்டதேவிக் கோயில் தேர் வடத்தை எந்தெந்தச் சாதி பிடிப்பது என்று எத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தார்கள்? 2024 ஜூனில் உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு போலீஸ் சூழத்தான் தேர் நகர்ந்தது. தொண்ணூறு வருஷமாம்.

வளவு வீட்டுப் பிள்ளை:
எங்க ஐயா ரங்கூன்ல வட்டிக்கடையில இருந்தவுக. 1942-ல ஜப்பான்காரன் வந்தப்ப, பாதி தூரம் நடந்தே ஊர் வந்து சேந்தாக. பர்மாக்காரன் இந்தியர்களை "கலா"ன்னு இளக்காரமாக் கூப்பிடுறதைச் சாகுற வரைக்கும் சொல்லிக் குமுறுவாக. (1930-கள்ல நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாதவுக நிலமெல்லாம் செட்டியார்கள் கைக்கு வந்துச்சு. கீழ் பர்மா நெல் வயல்ல கால்வாசி. அந்தக் கோவமும் அதுல உண்டு. அதை ஐயா சொன்னதில்ல.) அதே ஐயா, எங்க வீட்டுக்கு விறகு பொளக்க வந்தவரை ஒருநாளும் முகப்பு வழியா விட்டதில்ல. தெருவைச் சுத்திப் பின்வாசலுக்கு வரணும். தண்ணி கேட்டா கையைக் குவிக்கச் சொல்லி ஆச்சி உசரத்துலருந்து ஊத்துவாக. நான் பாத்திருக்கேன்.

கண்மாய்க்கரை:
வாத்தியார் ஐயாவுக்கு நன்றி. நேத்து போன்ல அப்பத்தாகிட்ட வாசிச்சுக் காமிச்சேன். எட்டையும் கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேச்சில்ல. அப்புறம் சொல்லுச்சு: "எங்கய்யா மழைக்குப் பனையோலையத் தலையில கவுத்திக்கிட்டு வருவாரு. ஊர்த்தெரு வந்தா அதையும் எடுத்துக் கையில புடிச்சுக்குவாரு. நனைஞ்சுக்கிட்டே நானும் கூடப் போவேன்."

குடை எங்கன்னு கேட்டேன். கொல்லையில விரிச்சுத்தான் வச்சிருக்காம். கோழி குஞ்சு பொரிச்சிருக்கு, வெயில் தாங்காதாம்.