லண்டன் வாடகை வீட்டில் மின்சாரமும் கேஸும் யாருடையவை என்று கண்டுபிடிப்பது எப்படி?

சாவி வாங்கிக் குடிபோன முதல் மாதத்திலேயே, 'தி ஆக்குபயர்' (குடியிருப்பவர்) என்று பெயரில்லாமல் விலாசமிட்ட கடிதங்கள் இரண்டு மூன்று கம்பெனிகளிடமிருந்து வந்து விழுகின்றன, இவற்றில் எதற்குப் பணம் கட்டுவது என்று சென்ற வாரம் இருவர் கேட்டிருந்தார்கள். பதில் சற்று நீளம் என்பதால் தனியாக எழுதுகிறேன். இது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்தின் ஏற்பாடு வேறு.

ஊரில் கம்பம் நட்டுக் கம்பி இழுப்பவரும், மீட்டர் பார்ப்பவரும், பணம் வாங்குபவரும் ஒரே ஈ.பி.தான் என்பதால், 'யார் நம் சப்ளையர்' என்ற கேள்வியே நமக்கு எழுந்ததில்லை. இங்கே கம்பியும் குழாயும் அந்தந்த வட்டாரத்துக்கு ஒரே நிறுவனத்தின் பொறுப்பு. அதை நாம் மாற்ற முடியாது. லண்டனின் பெரும்பகுதியில் மின்கம்பி யுகே பவர் நெட்வொர்க்ஸ் உடையது, கேஸ் குழாய் வடக்கே கேடன்ட், தெற்கே எஸ்.ஜி.என். மின்சாரம் போனால் 105, கேஸ் வாடை அடித்தால் 0800 111 999 என்று அழைக்க வேண்டியிருக்கிறதே தவிர, இவர்கள் நமக்கு மாதாந்திர பில் அனுப்புவதில்லை. பில் அனுப்புபவர் சப்ளையர். மின்சாரத்துக்கு ஒருவரும் கேஸுக்கு வேறொருவரும் இருக்கலாம். பெயரை வைத்து முடிவு செய்யவும் கூடாது, பிரிட்டிஷ் கேஸ் மின்சாரமும் விற்கிறது.

ஆகவே கடிதத்தின் தலைப்பில் உள்ள பெயரை நம்பாமல், இணைப்பின் எண்ணைப் பிடியுங்கள். மின் இணைப்புக்கு 'எம்பான்' என்று 13 இலக்க எண் ஒன்று உண்டு. பில்லில் பெரிய 'எஸ்' எழுத்துக்குப் பக்கத்தில் கட்டம் கட்டி அச்சிட்டிருக்கும் 21 இலக்கங்களில் கீழ்வரிசையில் இருப்பது இதுதான். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தைக் குறிக்கும்: லண்டன் என்றால் 12, கிழக்கு இங்கிலாந்து என்றால் 10. கேஸுக்கு 'எம்.பி.ஆர்.என்.' என்ற 6 முதல் 10 இலக்க எண். இவ்விரண்டையும் மீட்டரின் முகப்பில் பொறித்திருக்கும் வரிசை எண்ணோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மீட்டரை மாற்றினால் வரிசை எண் மாறும், இணைப்பு எண் அப்படியே இருக்கும். பழைய பில் எதுவும் கையில் இல்லையென்றால், மின்சாரத்துக்கு உங்கள் வட்டார கம்பி நிறுவனத்தின் தளத்திலும், கேஸுக்கு 'ஃபைண்ட் மை சப்ளையர்' என்ற தளத்திலும் போஸ்ட்கோடைக் கொடுத்தால் இன்றைய சப்ளையரின் பெயர் கிடைத்துவிடும்.

வீட்டுக்காரரிடமோ பழைய குடித்தனக்காரரிடமோ கேட்டால் பெரும்பாலும் மறைந்துபோன பெயரைத்தான் சொல்வார்கள். பல்ப் என்ற சப்ளையர் 2021 நவம்பரில் நொடித்து, பின்னர் அதன் வாடிக்கையாளர்கள் ஆக்டோபஸுக்குப் போனார்கள், எஸ்.எஸ்.ஈ.யின் வீட்டு வாடிக்கையாளர்களை 2020இல் ஓவோ வாங்கியது, 'என்-பவர்' (npower) என்ற கம்பெனி ஈ.ஆன் நெக்ஸ்டாக ஆனது. அவர்கள் பொய் சொல்வதில்லை, தகவல் பழையது, அவ்வளவுதான்.

சாவி கைக்கு வந்த அன்றே இரண்டு மீட்டர்களையும் தேதி தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள். நீங்கள் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடாவிட்டாலும், ஏற்கெனவே அந்த வீட்டுக்கு விற்றுக்கொண்டிருக்கும் சப்ளையரோடு அன்றிலிருந்து உங்களுக்கு ஒப்பந்தம் இருப்பதாகச் சட்டம் கருதும். அதிலிருந்து விலக அபராதம் கிடையாது. முந்தைய குடித்தனக்காரரின் பாக்கியும் உங்களுடையதல்ல. டெனன்சி அக்ரிமென்டின் (வாடகை ஒப்பந்தத்தின்) நகலைச் சப்ளையருக்கு அனுப்பி, குடிபுகுந்த தேதியைச் சொல்லுங்கள். சாவியோ அட்டையோ போட்டு முன்பணம் கட்டும் மீட்டர் என்றால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பழைய பாக்கி அந்த மீட்டருக்குள்ளேயே ஏற்றப்பட்டிருக்கலாம் என்பதால், பழைய சாவியில் பத்துப் பவுண்டு போடுவதற்கு முன்னால் சப்ளையரை அழைத்துப் புதிய சாவி கேளுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் நான் மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. ஈஸ்ட் ஹாமில், இரண்டாகப் பிரித்த பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் தனியாக இருந்தேன். பகல் முழுவதும் வேலையில் இருக்கும் ஒற்றை ஆளுக்கு, முதல் குளிர்காலத்தின் மூன்று மாத மின்சாரம் ஒரு கூட்டுக்குடும்பத்துக்கு வருவது போல வந்தது. ரீடிங் சரியாகத்தான் இருக்கிறது என்று கம்பெனி மூன்று முறை சொன்னது. எலக்ட்ரீஷியனாக இருந்த அண்ணன் ஒருவர் சொன்னபடி, மாடிப்படிக்குக் கீழே, இரண்டு வீட்டு மீட்டர்களும் இருந்த அலமாரியைத் திறந்துவைத்து, என் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். என் பில்லில் இருந்த வரிசை எண் கொண்ட மீட்டரின் சிவப்பு விளக்கு நிற்காமல் மின்னிக்கொண்டே இருந்தது. பக்கத்து மீட்டர்தான் அடங்கியது. மாடிவீட்டின் இணைப்புக்கு, அவர்களுடைய சப்ளையருக்கு, நான் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். மாடிவீட்டு அக்கா பில் குறைவாக வருவதைத் தம் சிக்கனத்தின் பலன் என்று நினைத்து ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அலமாரியில் எடுத்த அரை நிமிட வீடியோவை இரண்டு கம்பெனிகளுக்கும் அனுப்பிய பிறகுதான் விஷயம் நகர்ந்தது. சரியாவதற்குப் பதினொரு வாரம் ஆயிற்று. பிரித்த வீட்டில் இருப்பவர்கள் குடிபுகுந்த வாரமே இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

சப்ளையரை மாற்றக் கூடாது என்று லெட்டிங் ஏஜென்ட் சொன்னால், பில் உங்கள் பெயரில் இருக்கும் வரை மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு என்று பணிவாகச் சொல்லுங்கள். இப்போது பெரும்பாலும் ஐந்து வேலை நாளில் மாறிவிடுகிறது. கட்டடம் முழுவதற்கும் ஒரே கொதிகலனிலிருந்து வெந்நீர் வரும் புதிய அடுக்ககங்களில் வெப்பத்துக்கு மட்டும் இது செல்லாது. நீங்கள் கேட்காமலே வேறு கம்பெனிக்கு மாற்றப்பட்டிருந்தால், பழைய கம்பெனியிடமோ புதிய கம்பெனியிடமோ 'தவறான மாற்றம்' என்று சொல்லுங்கள், இருவரில் எவரும் தட்டிக்கழிக்க முடியாது.

புகாரை எழுத்தில் கொடுத்து எட்டு வாரமாகியும் தீரவில்லையென்றால் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றிப் போகலாம். உங்கள் பக்கம் தவறில்லாமல், கம்பெனியே பில் போடாமல் விட்டிருந்தால், 12 மாதத்துக்கு முந்தைய பாக்கியைக் கேட்க மின்சார, கேஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஜெமின் விதி இடம் தருவதில்லை.

சந்தேகம் கேட்பவர்கள் போஸ்ட்கோடின் முதல் பாதியை மட்டும் எழுதுங்கள். பில்லின் படத்தை இங்கே போடாதீர்கள். எம்பான் எண்ணும் விலாசமும் கையில் இருந்தால் உங்கள் பெயரில் கணக்கை மாற்றிவிட ஒருவருக்கு அதிக நேரம் ஆகாது.